முப்பத்தொன்றாம் ஜாடி

சிப்பித்துறை மாதா கோயில் கிணறு உறைந்துபோனது கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, காலைப் பூசைக்கு முதல் மணி அடித்த பிறகு, இரண்டாம் மணி அடிக்கும் முன்பு. கோயில் வேலைகளை முப்பது வருஷமாகப் பார்த்துவந்த இஞ்ஞாசி உபதேசியார் வாளியை இறக்கியபோது தண்ணீரில் விழும் சத்தம் கேட்கவில்லை, பானை மூடியில் கரண்டி விழுந்த சத்தம்தான் கேட்டது. ஏற்றிப் பார்த்தார், மறுபடி இறக்கினார், மறுபடியும் அதே சத்தம். கோயிலில் எதெது எப்போது மக்கர் பண்ணும் என்று பழகிப்போனவர் ஆகையால் கடப்பாரையைக் கயிற்றில் கட்டி இறக்கி, பீடத்துப் பூச்சாடிகளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு, இரண்டாம் மணியை அடிக்கப் போய்விட்டார். பூசை முடிந்ததும் சாமியாரிடம், "சாமி, கிணறு கெட்டியாப் போச்சு" என்றார். "வாளிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று சாமியார் கேட்டார். ஆகவில்லை என்று தெரிந்ததும் இருவரும் காலைப் பலகாரத்துக்குப் போனார்கள்.

கிணறு ஏன் உறைந்தது என்று அன்றைக்கு அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பெயர் அமலோற்பவம், வயது நாற்பத்துமூன்று, ஒன்பது வருஷமாக அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

அவள் புருஷன் கஸ்பார் தென்துருவக் கடலுக்குப் போன ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் இரும்புக் கயிறு சுற்றும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன். அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு பெட்டி தொங்கும். அது கடலின் அடிமட்டம் வரை போய் ஒரு வாய் சேற்றை அள்ளிக்கொண்டு வரும். உலகத்தின் அடியில் போய்ச் சேறு அள்ளுவதற்கும் சம்பளம் தருகிறார்களே என்று கஸ்பார் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் அலை கப்பலைச் சாய்த்தபோது பெட்டியோடு சேர்ந்து அவனும் போய்விட்டான். பெட்டி திரும்ப வந்தது. கப்பலிலிருந்து வந்த கடிதத்தில், முப்பத்தொன்றாம் நிலையத்தில் இது நடந்தது என்று போட்டிருந்தது. நிலையம் என்றதும் ரயில் நிற்கிற இடம்போல அங்கே ஒரு பெஞ்சாவது இருக்கும் என்றுதான் அமலோற்பவம் முதலில் நினைத்தாள். வரைபடத்தில் வைத்த ஒரு புள்ளிக்கு அப்படிப் பெயர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிப்பித்துறையில் கடலோடு போனவனின் உடல் கிடைக்காவிட்டால் அதற்கு ஒரு முறை உண்டு. அவன் விழுந்த இடத்துக்கு வள்ளத்தை விட்டு, ஒரு கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி, கடலடி மண்ணை அள்ளிவந்து, ஆள் நீளப் பெட்டியில் அந்த மண்ணை வைத்துப் புதைப்பார்கள். அந்த மண் வரும்வரை துக்கமணி அடிக்காது, பெண்சாதி தாலியைக் கழற்றமாட்டாள், கரையில் விதவைகளுக்கு என்று ஒதுக்கும் மீன்கூறு அவளுக்குக் கிடையாது. பத்துப் பாகம் ஆழம், பதினைந்து பாகம் ஆழம் என்றால் வள்ளம் போகும். பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கு எந்த வள்ளம் போகும்? அதனால் கஸ்பார் ஒன்பது வருஷமாகச் சாகாமல் இருந்தான். அமலோற்பவம் கல்யாண வீடுகளில் சுமங்கலிகளின் பாயில் உட்காருவதா விதவைகளின் பாயில் உட்காருவதா என்று தெரியாமல் சுவரோரமாக நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவாள். பெரிய துக்கத்தையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள், அந்த நின்று சாப்பிடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் வேலைபார்த்த இறால் கம்பெனி மூடியபோது தூத்துக்குடியிலிருந்த ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே துருவக் கடல்களின் சேறு ஜாடி ஜாடியாக வந்து இறங்கும். சேற்றை அலசி, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புழுக்கள் தெரியும், கடுகைக் கால்வாசியாக்கினால் எவ்வளவோ அவ்வளவு. படித்த பிள்ளைகள் ஒரு ஜாடியைப் பிரிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கண்வலி என்று லீவு போட்டார்கள். இருபது வருஷம் இறால் தரம் பிரித்த அமலோற்பவம் ஒரு ஜாடியை ஒன்றரை நாளில் முடித்தாள். கூடத்தின் தலைவி டாக்டர் மங்கையர்க்கரசி, அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லோருக்கும் மேடம், புழுக்களுக்கு வாயில் நுழையாத பெயர்களை வைத்திருந்தாள். அமலோற்பவம் தன் வசதிக்கு மீசைக்காரன், நூலான், வளையல்காரி, கொட்டாவி, தூங்குமூஞ்சி என்று வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் மேடமும், "இந்த ஜாடியில கொட்டாவி எத்தனை?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

"கடலடியில எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியா இருக்காது, அமலோற்பவம்" என்று மேடம் ஒருநாள் சொன்னாள். "ஒரு இடத்துல நாலு வகைதான் இருக்கும். பத்தடி தள்ளிப் போனா நாப்பது வகை. மேலேயிருந்து என்ன விழுதோ அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. விழுந்த இடத்துல கூட்டம், விழாத இடத்துல பட்டினி."

"நம்ம கரை மாதிரிதான் மேடம்" என்றாள் அமலோற்பவம். அவள் அந்த வேலைக்கு வந்ததே ஒரு காரணத்துக்காகத்தான். ஜாடிகளின் மேல் நிலைய எண் ஒட்டியிருக்கும். புதிய பெட்டி வந்து இறங்கும்போதெல்லாம் அவள், "முப்பத்தொண்ணு வந்திருக்கா?" என்று கேட்பாள். அது அவள் ராசியான எண் போலிருக்கிறது என்று கூடத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் சித்திரையில் முப்பத்தொன்று வந்தது, கப்பல் அதே புள்ளிக்கு மறுபடி போய் அள்ளிய சேறு. அதைப் பிரிக்க அவளுக்கே நான்கு நாள் பிடித்தது. அத்தனை கூட்டம். மீசைக்காரனில் மட்டும் பதினோரு தினுசு, எந்த ஜாடியிலும் பார்த்திராத தலை பெருத்த ஒருவகை, வாலில் கொக்கி வைத்த ஒருவகை. மேடம் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. "பெரிசா ஏதோ விழுந்திருக்கணும்" என்றாள். "ஒரு கடல்நாயோ என்னவோ. வருஷக்கணக்கா சாப்பிட்டிருக்குங்க. பாருங்க, எவ்வளவு செழிப்பா இருக்கு!"

அமலோற்பவம் பார்த்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்து மிச்சத்தையும் எண்ணி முடித்தாள்.

இங்கேதான் அவள் கை ஒரு காரியம் செய்துவிட்டது. சிப்பித்துறையில் வலையில் எது வந்தாலும் பத்தில் ஒன்று மாதா கூறு. அதை ஒதுக்கிவைக்காமல் மற்ற கூறு எதையும் வைக்கமாட்டார்கள். இறால் கம்பெனியில் இருந்த சூப்பர்வைசர் அதற்காக அவளைத் திட்டாத நாளில்லை. ஆய்வுக்கூடத்தில் திட்ட ஆளில்லாததால் மூன்று வருஷமாக ஒவ்வொரு ஜாடியிலும் ஒவ்வொரு வகையிலும் பத்துக்கு ஒன்றைச் சேற்றோடு ஒரு சம்படத்தில் போட்டு, மாலையில் ஊருக்குப் போனதும் உபதேசியாரிடம் கொடுத்துவந்தாள். அவரும் மாதாவுக்கு வந்ததைத் தரையில் கொட்டக்கூடாது என்று கோயில் கிணற்றில் ஊற்றிவந்தார். முப்பத்தொன்றை முடித்த செவ்வாய்க்கிழமையும் அவள் புத்தி எங்கோ இருக்க, கை வழக்கம்போலச் சம்படத்தை மூடியது, கால் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனது, உபதேசியார் வழக்கம்போல ஊற்றிவிட்டார். மீதி ஜாடியை மறுநாள் வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷம் காத்திருந்த மண்ணைக் கைக்கு எட்டியும் விட்டுவிட்டோமே என்று பஸ்ஸில் நினைவு வந்து அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தபோது கிணற்றடியில் ஊரே கூடி ஐஸ் தின்றுகொண்டிருந்தது.

"உபதேசியாரே, நேத்து குடுத்தத மட்டும் எனக்குத் திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"மாதாவுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கலாமா அமலி? நல்லாவா இருக்கு?" என்றார் அவர், ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

ஊர் அந்தக் குளிரோடு பழகிக்கொள்ள ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. முதல்நாள் எல்லோரும் தின்றார்கள், இரண்டாம் நாள் நன்னாரி சர்பத்துக்குப் போட்டார்கள், மூன்றாம் நாள் சூசைமரியான் வள்ளத்துக்காரர் ஒரு கூடை அள்ளிப்போய் மீனுக்குப் போட்டார், நான்காம் நாள் ஊர்க்கமிட்டி கூடி, வள்ளத்துக்கு இரண்டு கூடை, கல்யாண வீட்டுக்கு மூன்று கூடை, துக்க வீட்டுக்குக் கேட்டது கேட்டபடி என்று தீர்மானம் போட்டது. ஐஸ் பேக்டரி லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஐஸ் போட்ட மோர் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, வந்த வழியே போய்விட்டான். நர்சம்மா தடுப்பூசி மருந்தைத் தூக்குவாளியில் வைத்துக் கிணற்றுக்குள் தொங்கவிட்டாள். உபதேசியார் தன் மருமகன் டெல்லியில் வாங்கிய மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டுதான் ஐஸ் உடைக்கப் போனார். கிணற்றுச் சுவரில் சாய்ந்து புறணி பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகு விறைத்துப்போனதால் புறணி முழுவதும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு மாறியது. பக்கத்து ஊரிலிருந்து வேண்டுதலோடு வந்தவர்கள், இது எந்தப் புனிதர் செய்த புதுமை என்று கேட்டார்கள். "அது புழு" என்று சொல்லி, சர்பத் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில், கிணறு என்றால் உறைந்திருக்கும் என்பது சிப்பித்துறைக்கு ஒரு சேதியாகவே இல்லாமல் போனது.

அப்போதுதான் மேடம் ஊருக்கு வந்தாள். அந்த ஜாடிகளை முன்பே ஒருமுறை எண்ணிவைத்திருந்த வெளிநாட்டுக் கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எல்லா நிலையத்திலும் எல்லா வகையிலும் சரியாகப் பத்தில் ஒன்று குறைகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். மேடம் அதை இயற்கையின் ஒரு புதிய விதி என்று நம்பி ஒன்பது பக்கம் கட்டுரை எழுதி முடித்திருந்தாள். அச்சுக்கு அனுப்பும் முன் எதற்கும் கேட்டுவிடலாம் என்று கேட்டாள்.

"அது மாதா கூறு மேடம்" என்றாள் அமலோற்பவம்.

சம்படம் கோயில் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்ததையும் சொன்னாள். கிணறு எங்கே என்று மேடம் கேட்டாள். உபதேசியாரின் குல்லாவை வாங்கிப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக ஏணியில் இறங்கினாள். சாயம் ஏற்றி, மருந்தில் ஊறி, எப்போதோ செத்துப்போன புழுக்கள் அங்கே இளஞ்சிவப்பாக உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. அதுவும் கண்டபடி இல்லை. எந்தெந்த நிலையத்து வகையோ அந்தந்த நிலையத்துக்கு உரிய திசையில், உரிய தூரத்தில், துருவக் கடலைச் சுருட்டிக் கிணற்றுக்குள் வைத்ததுபோல, அது அதன் இடத்தில் இருந்தது. மேலே வந்தபோது மேடத்தின் பற்கள் தந்தியடித்தன.

"வடக்குச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு ஒரே கூட்டம். முப்பத்தொண்ணுல வந்தது அத்தனையும் அங்கதான் இருக்கு" என்றாள். "ஒரு கை மண்கூட யாரும் எடுக்கக்கூடாது. தயவுசெஞ்சு கலைச்சிடாதீங்க."

அமலோற்பவம் அவளிடம் தன் கதையை அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னாள். பெரிதாக விழுந்தது எது என்றும் சொன்னாள். மேடம் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். செழிப்பாக இருக்கிறது என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து அவள் முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கமிட்டி கூடியது. அமலோற்பவம் எழுந்து, "எங்க வீட்டு அவிய முப்பத்தொண்ணாம் சாடியில வந்து கெணத்துக்குள்ள இருக்காவ. வடக்குச் செவரோரம். ஒரு கலயம் மண்ணு வேணும், அடக்கம் பண்ணணும்" என்றாள்.

ஊர்த்தலைவர் பெலவேந்திரம் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மூன்று வள்ளம் இருந்தது, மூன்றிலும் கிணற்று ஐஸ் இருந்தது. "அமலி, சொல்லுதத கோவப்படாம கேளு" என்றார். "முப்பத்தொண்ணு வந்து விழுந்த பொறவுதானே குளிரு வந்துச்சு? அத எடுத்தா குளிரு போயிரும்லா? இந்த ரெண்டு மாசமா ஒரு மீனு கெட்டிருக்கா? நர்சம்மா மருந்து கெட்டிருக்கா? ஊருக்கே வாழ்வு குடுத்துக்கிட்டு கஸ்பாரு அங்கேயே இருக்கட்டுமே. நம்ம கோயில் கெணறுதானே, அந்நிய எடமா?"

"அவியளுக்கு அது எடம்தான். எனக்கு எது எடம்? நான் எந்தப் பாயில இருக்கது?" என்று அவள் கேட்டாள்.

மாதாவுக்குக் கொடுத்ததைத் திருப்பித் தர முறையில்லை என்று உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முறை என்ற சொல் வந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. முறைதானே பெரிது, நாம் என்ன செய்ய முடியும் என்று ஆளாளுக்குத் தலையாட்டிக்கொண்டு வேட்டியைத் தட்டி எழுந்தார்கள்.

"அப்போ என் கைப்பங்கு?" என்றாள் அமலோற்பவம்.

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கைப்பங்கு என்பது வலையை இழுத்த கைக்கு உரியது. மாதா கூறு, வள்ளக்கூறு, விதவைக்கூறு எல்லாம் வைப்பதற்கு முன் இழுத்தவன் தன் கையால் ஒரு பிடி அள்ளிக்கொள்ளலாம். அதை மாதாவும் கேட்கமாட்டாள், முதலாளியும் கேட்கமாட்டான். சிப்பித்துறையில் கொலைகாரனுக்குக்கூட மறுக்காதது அது.

"மூணு வருசமா சாடி சாடியா நான்தான் அள்ளிப் போட்டேன். எல்லாருக்கும் கூறு வச்சேன், எனக்குன்னு ஒரு பிடி எடுக்கல. மாதாவுக்குக் குடுத்தத நான் கேக்கல. என் கைப்பங்கக் கேக்குதேன். இல்லன்னு சொல்லுத ஆளு எந்திரிச்சு சொல்லட்டும்."

ஏற்கெனவே எல்லோரும் எழுந்து நின்றதால் யார் சொல்வது என்று குழப்பமாகிவிட்டது. பெலவேந்திரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவரும் கஸ்பாரும் ஒரே வள்ளத்தில் தொழில் பழகியவர்கள். அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. "ஏணியப் பிடிங்கல" என்றார்.

மேடமும் அங்கே இருந்தாள். கலைக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. எந்த இடம் என்று காட்டுவதற்காக டார்ச்சை எடுத்துக்கொண்டு அமலோற்பவத்துக்கு முன்னால் இறங்கினாள். அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, வடக்குச் சுவரோரம் உடைத்த ஓட்டைக்குள் வலது கையைத் தோள்வரை விட்டாள். குளிர் முதலில் சுட்டது. பிறகு கை இருப்பதே தெரியவில்லை. விரல்நுனிக்கு மெத்தென்று சேறு தட்டுப்பட்டது. ஒரு பிடி பிடித்தாள். மேலே ஏறி வந்தபோது அந்தக் கை வெள்ளை வெளேரென்று விறைத்து, பொத்தியபடி இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து கஸ்பாருக்குத் துக்கமணி அடித்தது. ஆள் நீளப் பெட்டி செய்தார்கள், அதற்கு ஆணி அடித்தார்கள், வெற்றுப் பெட்டியை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், பின்னால் அமலோற்பவம் பொத்திய கையோடு நடந்தாள். கல்லறையில் பெட்டியைத் திறந்து வைத்துச் சாமியார் செபம் சொன்னார். செபம் முடிந்தது. அவள் பெட்டிமேல் கையை நீட்டினாள். விரல்கள் திறக்கவில்லை. பெண்கள் கூடிக் கையைத் தேய்த்தார்கள், எண்ணெய் போட்டார்கள், வாயால் ஊதினார்கள். மேடம் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தக் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சாமியார் இன்னொரு செபம் சொன்னார், அதுவும் முடிந்தது. குளிர்தான் விடவில்லையா அவள்தான் விடவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாவது செபத்தின் நடுவில் அவள், "சரி, போங்க" என்றாள். விரல்கள் திறந்தன. ஒரு தேக்கரண்டிச் சேறு பெட்டிக்குள் விழுந்தது. அதில் இளஞ்சிவப்பாக ஏதோ அசைந்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை. அவள் தலையிலடித்துக்கொண்டு, ஒன்பது வருஷத்தையும் சேர்த்துவைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கதறினாள்.

மறுநாள் காலையில் உபதேசியார் வாளியை இறக்கியபோது தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவர் குல்லாவைக் கழற்றி மடித்துவைத்தார். மேடம் ஒன்பது பக்கக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, முப்பத்தொன்றாம் நிலையத்தைப் பற்றி மட்டும் வேறொன்று எழுதினாள். அங்கே விழுந்தது என்ன என்று எழுதவேண்டிய இடத்தில் ஆளின் பெயரைப் போட்டிருந்தாள். பத்திரிகைக்காரர்கள் அதை நீக்கச் சொன்னார்கள், அவள் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஐஸ் லாரி மறுபடி ஊருக்குள் வர ஆரம்பித்தது. குளிர் போனதற்காக யாரும் அமலோற்பவத்தை ஒரு சொல் சொல்லவில்லை. கரையில் விதவைக்கூறு வைத்தபோது பெலவேந்திரம் அவள் பெயரை முதலில் கூப்பிட்டார். அடுத்த கல்யாணத்தில் அவள் விதவைகளின் பாயில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனால் அந்த வலது கை மட்டும் பிறகு சூடேறவே இல்லை. அதில் அவள் வாங்கிவரும் மீன் இரண்டு நாள் ஆனாலும் கெடாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அமலி வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள், அவள் கையை நெற்றியில் வைத்தால் இறங்கிவிடும். அதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மேடம்கூட அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. படுக்கும்போது அமலோற்பவம் அந்தக் கையைத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.